கோ-கார்ட்டுக்குக் கை கிளட்ச்: லீவரை எங்கே மாட்டுவது?

பைக் எஞ்சின் வைத்துக் கோ-கார்ட் (தரையோடு ஒட்டி ஓடும் குட்டி ரேஸ் வண்டி) செய்கிறவர்கள் முதலில் முட்டி நிற்பது பெடலில்தான். வலது காலுக்கு ஆக்சிலரேட்டர், இடது காலுக்கு பிரேக், நடுவில் ஸ்டீயரிங் ராடு. மூன்றாவது பெடலுக்கு இடமும் இல்லை, மிதிக்கக் காலும் இல்லை. வாடகைக்கு ஓட்டத் தரும் கார்ட்டுகள் பெரும்பாலும் சென்ட்ரிபியூகல் கிளட்ச்சும் (எஞ்சின் வேகம் ஏறினால் தானே பிடிப்பது) ஒற்றை கியருமாக இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை கிடையாது. ஸ்பிளெண்டர் எஞ்சினை மாட்டினால் கிளட்ச்சும் நாலு கியரும் கைக்கு வந்துவிடும்.

பெங்களூரில் எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் பேரத்தைத் தமிழிலேயே முடித்துவிடலாம். பில்லும் பழைய ஆர்.சி. நகலும் கைக்கு வராமல் எஞ்சினைத் தூக்காதீர்கள். 97.2 சிசி ஸ்பிளெண்டர் எஞ்சின் போதும். ஆர்எக்ஸ் 100 எஞ்சின் சிக்கினால் அதைப் பைக்காகவே ஓட்டுங்கள். கார்ட்டில் மாட்டுவது பாவம்.

கை கிளட்ச் என்றதும் நம் ஊர் மெக்கானிக் அண்ணன்களுக்கு நினைவு வருவது பழைய சேத்தக் ஸ்கூட்டரும் ஆட்டோவும்தான். இடது கையால் கிளட்ச்சைப் பிடித்து, அதே பிடியைத் திருகினால் கியர். "அந்த ஹேண்டிலை அறுத்து மாட்டிடலாம்பா" என்பார்கள். மாட்டலாம், ஆனால் ஒத்துவராது. சேத்தக்கில் ஒவ்வொரு கியருக்கும் பிடியில் தனி இடம் உண்டு, திருகினால் அங்கேயே நிற்கும். பைக் கியர் ராட்செட் முறை: ஒரு தட்டு தட்டினால் ஒரு கியர் மாறும், லீவர் உடனே நடுவுக்குத் திரும்பும். அப்படித் திரும்பாவிட்டால் அடுத்த கியர் விழாது. சேத்தக் எஞ்சினையே வைக்கலாமே என்றால், அதில் சக்கரம் நேராக கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் உட்காருகிறது. செயின் போட ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்) இல்லை.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, ரேஸ்காரர்கள் வழி. கேஇசட் (KZ) என்கிற கியர் வைத்த ரேஸ் வகுப்புக் கார்ட்டில் 125 சிசி டூ ஸ்ட்ரோக், 6 கியர். கிளட்ச் லீவர் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம், கையால் கியர் மாற்றும் கம்பி வலப்பக்கம். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் அவர்களுக்கு கிளட்ச் முக்கியமாகக் கிளம்பும்போதுதான் வேண்டும். ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரைச் சற்றே விட்டு, கிளட்ச் தொடாமலே கியர் ஏற்றிவிடுவார்கள். ஸ்பிளெண்டர் கியர்பாக்ஸிடம் தினமும் அந்த வேலை வாங்கினால் கியர்களைக் கோத்துப் பிடிக்கும் டாக் பற்கள் தேய்ந்து கியர் நழுவும். ஆக, ஒவ்வொரு கியருக்கும் கிளட்ச் பிடிக்கத்தான் வேண்டும். வளைவில் கியர் இறக்கும்போது வலது கை கம்பியில், இடது கை லீவரில் இருந்தால் ஸ்டீயரிங் யாரிடம்? லீவரை ஸ்டீயரிங் வீலிலேயே மாட்டினால் கை விலகாது, சரி. அப்போது வீல் திரும்பும்போதெல்லாம் கேபிளும் கூடவே சுருண்டு, அவுட்டர் (கேபிளின் வெளி உறை) மடியும் இடத்தில் இறுகத் தொடங்கும்.

இரண்டாவது வழி, கியர் கம்பியின் தலையிலேயே பைக் கிளட்ச் லீவர். எனக்கு இதுதான் பிடித்தது. கம்பியை 22 மி.மீ. பைப்பில் செய்தால் பைக் லீவரின் கிளாம்ப் அப்படியே பொருந்தும், லேத் பட்டறைப் பக்கமே போக வேண்டாம். கம்பி முன்னும் பின்னும் ஆடினால் கிளட்ச் தானாக இழுபடாதா என்று கேட்பார்கள். இழுபடாது. அவுட்டரின் முனை லீவர் பிடியிலேயே உட்கார்ந்திருப்பதால், கம்பியோடு கேபிள் மொத்தமும் சேர்ந்து ஆடும். போதிய தளர்வு விட்டு வளைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். லீவர் கம்பிக்கு முன்பக்கம் வரட்டும், கியர் ஏற்றுவது பின்னால் இழுப்பதாக இருக்கட்டும். விரல்கள் இழுக்கிற இழுப்பிலேயே கிளட்ச் பிடிபட்டுவிடும். இறக்கும்போதுதான் அவஸ்தை: உள்ளங்கை தள்ள, விரல்கள் மடங்க, இரண்டும் எதிரெதிர் வேலை. கை சின்னதாக இருப்பவர்களுக்கு வலிக்கும். ஆனாலும் இடது கை ஸ்டீயரிங்கை விடவே இல்லை, எனக்கு அது போதும்.

கிளட்ச் லீவரே வேண்டாம் என்பவர்களுக்கு ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் எஞ்சின் இருக்கிறது, கியரை மிதித்தாலே கிளட்ச் விடும். ஆனால் ஸ்பேர் தேடி அலைய வேண்டும்.

எந்த வழியானாலும், கியர் கம்பியை எஞ்சினோடு இணைக்க சாதாரண பைக் கேபிள் போடாதீர்கள். அது இழுக்கும், தள்ளாது. இரண்டு முனையிலும் ராடு எண்ட் (திருகி மாட்டும் உருண்டை மூட்டு) போட்ட இரும்பு ராடு நல்லது. ஒரு முனைக்கு இடது மரை, மறுமுனைக்கு வலது மரை வைத்தால், கழற்றாமலே திருகி நீளத்தைச் சரிசெய்யலாம். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் விடுங்கள். இறுக்கிக் கட்டினால் பிளேட் வழுக்கிக்கொண்டே ஓடிக் கருகிவிடும். ஸ்பிளெண்டர் கேபிள் நீளம் பெரும்பாலும் பத்தாது, பெங்களூர் ஜே.சி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் தேடும்போது நூலால் அளந்து கையோடு கொண்டுபோங்கள்.