இரண்டு முள்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கார் ஏசி கேஜ் செட், ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

காரின் ஏசியில் குளிர்ச்சி போய்ச் சூடான காற்று வரத் தொடங்கியதும், "கேஸ் குறைந்திருக்கும்" என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வருகிறது. நானும் அப்படித்தான் நம்பினேன். வண்டி ஓடும்போது ஓரளவு குளிர்ச்சி இருக்கும். சிக்னலில் நின்றால் சில நிமிடங்களிலேயே காற்று வெதுவெதுப்பாகிவிடும். பழுது பார்க்கும் இடத்தில் எதையும் அளந்து பார்க்காமல் கேஸை ஏற்றி அனுப்பினார்கள். நிலைமை சீராகவில்லை, இன்னும் மோசமானது. அதன் பிறகுதான் அழுத்தத்தை அளக்கும் இரட்டை கேஜ் செட் ஒன்றை வாங்கினேன்.

பெட்டியில் இருப்பவை இரண்டு கேஜ்களும் இரண்டு குமிழ்களும் கொண்ட உலோக உடல், நீலம், சிவப்பு, மஞ்சள் நிறங்களில் மூன்று குழாய்கள், காரில் பொருத்துவதற்கான இரண்டு கப்ளர்கள். நீலம் குறைந்த அழுத்தப் பக்கத்துக்கு, சிவப்பு உயர் அழுத்தப் பக்கத்துக்கு, மஞ்சள் கேஸ் கேனையோ மெஷினையோ இணைக்க. ஆர்-134ஏ கேஸ் பயன்படுத்தும் கார்களில் இந்த இரு பக்க முனைகளும் வெவ்வேறு அளவில் இருப்பதால் மாற்றிப் பொருத்திவிடும் அச்சம் இல்லை. புதிய கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் கேஸ் இருக்கிறது. அவற்றின் முனைகளே வேறு, இந்தச் செட் அவற்றுக்குப் பொருந்தாது. எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது போனட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும்; வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இஞ்சின் ஓடாமல் வண்டி ஆறிய நிலையில் கேஜை மாட்டினால் இரு முள்களும் ஒரே அழுத்தத்தைக் காட்டும். முப்பது டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்ட வேண்டும். கேஜின் உள்வட்டத்தில் வெப்பநிலை அளவும் அச்சிட்டிருப்பதால் கணக்குப் போடத் தேவையில்லை. அதைவிட மிகவும் குறைவாக இருந்தால் கேஸ் கசிந்து போய்விட்டது என்று பொருள். ஆனால் சரியாக இருந்தால் கேஸ் போதுமான அளவு இருக்கிறது என்று பொருள் கொள்ளக்கூடாது. உள்ளே திரவ நிலையில் ஒரு துளி கேஸ் மிச்சமிருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். செட்டோடு வந்த ஒற்றைத் தாள் விளக்கக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்னைப் பொறுத்தவரை இது பெரிய குறை.

செட்டின் உண்மையான பயன் இஞ்சின் ஓடும்போதுதான் தெரிகிறது. நல்ல நிலையில் உள்ள ஏசி, மிதமான வெயிலில், நீலத்தில் 30 முதல் 40, சிவப்பில் 200 முதல் 230 பிஎஸ்ஐ என்ற அளவுகளை ஒட்டி நிற்கும். வெயில் ஏற ஏற இவையும் ஏறும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்து, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் அழுத்தம் கொடுக்கவில்லை. நீலம் வெற்றிடத்தை நோக்கி இறங்கினால், கேஸின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு இருக்க வாய்ப்பு உண்டு.

என் காரில் இரண்டுமே உயர்ந்திருந்தன. நின்ற நிலையில் நீலம் 60ஐத் தொட்டது. சிவப்பு முள் 250, 280, 300 என்று நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. இஞ்சினை நிறுத்திவிடலாம் என்று கை சாவியை நோக்கிப் போனது. அதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீரை, கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரின் மீது ஊற்றிப் பார்த்தேன். முள் கண் முன்னேயே சரசரவென்று இறங்கியது, உள்ளே காற்றும் குளிர்ந்தது. அதாவது கேஸ் குறையவில்லை. கண்டன்சரின் வெப்பம் வெளியேறவில்லை. என் காரில் கண்டன்சரைக் குளிர்விக்க முன்பக்கம் இரண்டு ஃபேன்கள் உண்டு. ஒன்று சுழல்வதைப் பார்த்து இரண்டும் சுழல்வதாக அதுவரை நினைத்திருந்தேன். நின்றுபோன ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலேயை அதே வகை ஹாரன் ரிலேயோடு மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கனெக்டரில் 12 வோல்ட் வந்துகொண்டிருந்ததால் மோட்டார்தான் பழுது என்பது உறுதியானது. மோட்டாரை மாற்றிய பிறகும் சிவப்பு முள் சற்று உயரவே நின்றது, ஏனெனில் தேவையில்லாமல் ஏற்றிய கேஸ் உள்ளே மிகுதியாக இருந்தது. அதைப் பழுது பார்க்கும் இடத்தின் சர்வீஸ் மெஷினில் முழுவதுமாக எடுத்து, ஸ்டிக்கரில் உள்ள எடைப்படி மீண்டும் ஏற்றிய பிறகே எல்லாம் சீரானது. அந்த வேலையை இந்தச் செட்டால் செய்ய முடியாது. கேஸைக் காற்றில் திறந்துவிடவும் கூடாது.

ஒற்றை கேஜ் பொருத்திய கேஸ் கேன்களை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். அவற்றில் தெரிவது குறைந்த அழுத்தப் பக்கம் மட்டுமே. கம்ப்ரசர் பலவீனமா, ஃபேன் நின்றுவிட்டதா என்று அது பிரித்துச் சொல்லாது. கசிவை அடைக்கும் திரவம் கலந்த கேன்கள் இன்னும் மோசம். அந்தத் திரவம் சர்வீஸ் மெஷினையே கெடுத்துவிடும் என்பதால் பலர் அத்தகைய காரைத் தொடவே மாட்டார்கள்.

இரண்டு முள்களும் சரியாக இருந்தும் காற்று சூடாக வந்தால் பழுது கேஸ் ஓடும் பாதைக்கு வெளியே இருக்கிறது: வெப்பக் காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் உள்கதவு சிக்கியிருக்கலாம். காற்றின் வேகமே குறைந்திருந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

கேஜ்களின் தரம் திருப்தி. நீல முள் வந்தபோதே பூஜ்யத்தில் நிற்காமல் 4 பிஎஸ்ஐ தள்ளி நின்றது. கண்ணாடியைத் திறந்து உள்ளே உள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்துகொண்டேன். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கையுறை போட்டு வேலை செய்யுங்கள். பீறிடும் கேஸ் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். இஞ்சின் ஓடும்போது சிவப்புக் குமிழைத் திறக்கவே கூடாது. மஞ்சள் குழாயில் கேன் இருந்தால் அது வெடிக்கக்கூடும். வாங்குபவர்கள் நீலக் கப்ளருக்கான ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இரண்டைச் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் செட்டில் நான்காம் மாதத்திலேயே அது தேய்ந்து சீறத் தொடங்கியது.