சுண்ணாம்புச் சுவரும் பனை வளையும்: அளம்பில் கடற்கரை வீட்டைத் திருத்திய மேசன் குழுவின் வேலை பற்றி

அளம்பில் கடற்கரையில் எங்கள் பெரியம்மா குடும்பத்துக்குச் சொந்தமான பழைய வீட்டை, விருந்தினருக்கு நாள் வாடகைக்கு விடக்கூடிய நிலைக்குத் திருத்தித் தந்த ஒரு மேசன் குழுவின் வேலையைப் பற்றியது இந்த மதிப்புரை. முள்ளியவளைப் பக்கத்திலிருந்து வரும் அந்தக் குழுவுக்குப் பெயர்ப்பலகையோ அலுவலகமோ கிடையாது. ஒரு தலைமை மேசன், ஒரு தச்சர், அவர்களோடு வரும் உறவுக்காரப் பையன்கள் என்று ஆள் தெரிந்து வேலை பிடிக்கும் குழு அது. முல்லைத்தீவுக் கரையில் காணி வைத்திருப்போர், குறிப்பாக வெளிநாடுகளில் இருப்போர், இப்போது இதே எண்ணத்தோடு விசாரித்து வருவதால், இத்தகைய குழுவிடம் எந்த வேலையை நம்பி ஒப்படைக்கலாம், எதை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீடு போருக்கு முந்தியது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை உள்ளே புகுந்து போனபோதும் சுவர்கள் நின்றன. கூரை போர்க்காலத்தில் இல்லாமற் போயிற்று. மீள்குடியேற்றத்துக்குப் பின் அவசரத்துக்குத் தகரம் போட்டு, வெடித்த சுவர்களுக்குச் சீமெந்துப் பூச்சுப் பூசியிருந்தார்கள். உப்புக் காற்றில் தகரம் சல்லடையாகியிருந்தது. பூச்சோ, நிலத்திலிருந்து இடுப்பளவு உயரம் வரை ஊதிப் பொருமி, கைவைத்தால் தகடு தகடாக உதிர்ந்தது. முதலில் வந்து பார்த்த ஒப்பந்தகாரர்கள் இரண்டே வழிகளைத்தான் சொன்னார்கள்: ஒன்று, இடித்துவிட்டுச் சீமெந்துக் கல்லில் புதிதாகக் கட்டுவது, மற்றது, நீர்க்கசிவைத் தடுக்கும் இரசாயனத்தைக் கலந்து இன்னொரு சீமெந்துப் பூச்சுப் பூசுவது. இந்தக் குழுவின் தலைமை மேசன் மட்டும் சுத்தியலின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்து, சீமெந்து முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்ப வேண்டும் என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அத்திவாரத்தின் ஊடாக மேலேறும் ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டே வருகிறது. அடர்த்தியான சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடாமல் மறிப்பதால், உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி விரிந்து, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் சேர்த்தே பெயர்க்கிறது. சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உடையது. ஈரம் அதன் வழியாக வெளியேறி, உப்பு வெளிப்புறத்தில் வெண்பொடியாகப் படியும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். ஆனால் சுண்ணாம்பு அவசரக்காரருக்கு உதவாது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சித்தான் அது மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது; ஒரு படை இறுகாமல் அடுத்த படையைப் பூச முடியாது; வெயில் நேரத்தில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டுக் காக்கவும் வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கணக்கில், முன்கூட்டியே குழியில் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பைக் கொண்டு, மெல்லிய படைகளாகவே பூசினார்கள். வந்திறங்கிய மணலில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, உவர்ப்பதாகச் சொல்லி ஒரு சுமை முழுவதையும் தலைமை மேசன் திருப்பி அனுப்பினார். மணல் ஏற்றிவர அனுமதிப்பத்திரம் வேண்டியிருப்பதும், அதனால் மணல் விலை ஏறிக் கிடப்பதும் தெரிந்தவர்களுக்கு, அந்த ஒரு செயலின் பெறுமதி விளங்கும். ஒரு முழு மழைக்காலம் கடந்த பின்னரும் சுவரில் பெயர்ந்த இடம் ஒன்றும் இல்லை.

கூரையில் தச்சரின் கை தெரிகிறது. முற்றி வைரம் பாய்ந்த பனையிலிருந்து அறுத்த, கூரையைத் தாங்கும் வளைகளின்மேல் ஓடு போட்டிருக்கிறார். அத்தகைய மரத்தைக் கறையான் எளிதில் தொடாது, உப்புக் காற்றும் அதற்குப் பெரிய பொருட்டல்ல. ஐப்பசி தொடங்கி வீசும் வாடை மழையைக் கடற்பக்கத்திலிருந்து சாய்த்து அடிக்கும் என்பதால், கிழக்குத் தாழ்வாரத்தை நாங்கள் கேட்காமலே நீட்டி, விளிம்பு ஓடுகளைக் கம்பியால் வளையோடு பிணைத்துக் கட்டினார். முன் விறாந்தைக்கு அவர் பரிந்துரைத்தது கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை. வெளிநாட்டு உறவினர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தகடுதான் நவீனம் என்பது அவர்கள் எண்ணம். சித்திரை வெயிலில் அந்தத் தகட்டின்கீழ் உட்கார்ந்து பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். கிடுகை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஊரிலேயே பின்னுகிறார்கள், ஊரிலேயே வேய்கிறார்கள்.

இந்தக் குழுவை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மைக் காரணமே இதுதான். வாடகை வீடு என்பது ஒவ்வொரு பருவமும் ஏதோ ஒரு மூலையில் பழுதாகிக்கொண்டே இருக்கும் வீடு. பழுதானதைத் திருத்த வவுனியாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஆள் வரவேண்டுமென்றால், வாடகைப் பணம் வான் கூலிக்கே போய்விடும். இவர்கள் செய்த சுவரையும் கூரையையும், இவர்களே வராவிட்டாலும், அளம்பிலிலோ செம்மலையிலோ இருக்கும் ஒரு மேசன் பார்த்துக்கொள்ளலாம்.

கிணற்று விடயத்திலும் அவர்களுடைய அறிவு உதவியது. கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. பெரிய மோட்டர் பூட்ட வேண்டாம், சிறிய மோட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துத் தாங்கியை நிரப்புங்கள் என்று தலைமை மேசன் சொன்னது இந்தக் கணக்கைப் படித்துவிட்டல்ல, ஊர்க் கிணறுகள் கெட்டதைப் பார்த்துத்தான். கிணற்றுக்கு அருகே இருந்த பழைய மலசலகூடக் குழியை மூடி, 50 அடிக்கு அப்பால் புதியதைக் கட்டினார்கள்.

இனிக் குறைகள். மின்வேலையையும் குழாய்வேலையையும் இவர்களிடம் கொடுக்கக் கூடாது. அவர்கள் கூட்டிவந்த வயரிங் பையன் சுவருக்குள் இரும்புப் பெட்டிகளைப் பதித்தான். முதல் மழைக்காலத்திலேயே துருவேறி, ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழத் தொடங்கிற்று. அவை எல்லாவற்றையும் கழற்றிப் பிளாஸ்ரிக் பெட்டிகள் போட வேண்டியதாயிற்று. கதவுப் பிணைச்சல்கள், கொண்டிகள் விடயத்தில் தச்சருக்கும் அக்கறை போதாது. துருப்பிடிக்காத உருக்கு என்று கடையில் விற்பதெல்லாம் கடற்கரைக்கு ஆகாது; 304 தரம் உப்புத் தூவலில் கறைபடும், 316 தரம்தான் தாங்கும். வித்தியாசம் தெரியாமல் வாங்கியவை ஆறு மாதத்துக்குள் செம்பழுப்பு நிறமாகிவிட்டன. பித்தளை வாங்குவதே மேல்.

காலக்கெடு அடுத்த குறை. மாசியில் தொடங்குகிறோம் என்றவர்கள், காலபோக நெல் அறுவடை தொடங்கியதும் ஆளாளுக்கு வயலுக்குப் போய்விட்டார்கள். பின்னர் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வந்தது. வைகாசி விசாகத்தை ஒட்டிய அந்த நாள்களில் முள்ளியவளை ஆள் எவரும் சாந்தகப்பையைக் கையில் எடுக்கமாட்டார் என்பதை இங்கே பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வன்னியில் இவை எதிர்பார்க்க வேண்டிய தடைகளே. என் குறை, அவற்றை முதலிலேயே கணக்கில் சேர்த்து நாள் சொல்லவில்லை என்பதுதான். செலவும் முதலில் சொன்னதைவிடக் கால் பங்கு அளவுக்குக் கூடிற்று. ஒரு பகுதி சீமெந்தைக் கொத்தியெடுத்தபின் வெளிப்பட்ட சுவர்ச் சேதத்தால் வந்தது, அதில் வழக்கில்லை. மறு பகுதிக்குப் பற்றுச்சீட்டே கிடையாது. பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் ஒப்பந்தமாகப் பேசுவது நல்லது.

அனுமதி வேலை எதையும் இவர்கள் பார்க்கமாட்டார்கள், நினைவூட்டவும் மாட்டார்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டத்தின்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டட வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையின் ஒப்புதலும், பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதானால் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவும் தனித்தனி வேலைகள்.

மொத்தத்தில், சுவர், கூரை, கிணறு, விறாந்தை ஆகியவற்றுக்கு இந்தக் குழுவைத் தயங்காமல் அழைக்கலாம். வயருக்கும் குழாய்க்கும் வேறு ஆளை வையுங்கள். ஆடி, ஆவணியில் விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு வீட்டைத் திறக்க வேண்டுமானால், அதற்கு முந்திய ஐப்பசி மழை தொடங்குமுன்னரே பேசி, அறுவடையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.