ஃப்ளைட் சிமுலேட்டருக்கு முதல் ஜாய்ஸ்டிக்: எதை வாங்கலாம்?

ஃப்ளைட் சிமுலேட்டரில், அதாவது கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டில், கீபோர்டைக் கொண்டும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை இறக்கிவிடலாம். ஆனால் ஒரு விசைக்கு இரண்டே நிலைதான்: அழுத்தியிருக்கிறது, அல்லது விட்டாயிற்று. தரைக்குப் பத்தடி மேலே மூக்கை மெல்லத் தூக்க வேண்டிய நேரத்தில் அது போதாது. துளி இழுத்து, அப்படியே பிடித்து, இன்னும் ஒரு துளி இழுக்க வேண்டும். கேம்பேடில் இது ஓரளவு வரும். ஆனாலும் கட்டைவிரல் குச்சியின் நீளம் மிகக் குறைவு. கொஞ்சம் தொட்டாலே அதிகமாகிவிடும். அதனால்தான் ஜாய்ஸ்டிக்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கணினிக்கான மூன்று மாடல்கள்: லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் எஃப்சிஎஸ், விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோ. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனால் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகும். மூன்றிலும் கைப்பிடியை இடம் வலமாக முறுக்கும் வசதி, அதாவது ட்விஸ்ட் உண்டு. த்ராட்டிலுக்கு அடிப்பாகத்திலேயே ஒரு தள்ளுகோலோ சக்கரமோ இருக்கிறது. எனவே நான்கு அச்சுகளும் ஒரே கருவியில் கிடைத்துவிடுகின்றன: மூக்கை ஏற்றி இறக்க எலிவேட்டர், சாய்க்க எய்லரான், மூக்கை இடம் வலம் திருப்ப ரடர் (ட்விஸ்ட் இதற்குத்தான்), எஞ்சினுக்கு த்ராட்டில்.

இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த ஜாய்ஸ்டிக்கை வாங்காதீர்கள். குறிப்பாக ட்விஸ்ட் இல்லாததை. செஸ்னாவில் முழு த்ராட்டில் கொடுத்தவுடன் ப்ரொபெல்லரின் முறுக்கும் சுழன்று வரும் காற்றும் மூக்கை இடப்பக்கம் இழுக்கும். வலது ரடர் கொடுக்காவிட்டால் 55 நாட் வேகம் வந்து மூக்கைத் தூக்குவதற்குள் விமானம் புல்தரைக்குப் போய்விடும். சிமுலேட்டரில் ரடரைத் தானே இயக்கும் 'ஆட்டோ ரடர்' உதவியைப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் குறுக்குக் காற்றில் இறங்கக் கற்றுக்கொள்ளும் நாளில் அந்த உதவியே தடையாக வந்து நிற்கும்.

அடுத்தது நடுப்புள்ளி. பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பட்டன் எண்ணிக்கையை விட முக்கியமானது இதுதான். பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி கைப்பிடி நடுவுக்குப் பக்கத்திலேயே, சில மில்லிமீட்டருக்குள்தான் அசைகிறது. நடுவிலிருந்து கிளப்ப ஒரு தள்ளு தேவைப்பட்டு, கிளம்பியதும் சட்டென்று துள்ளினால், விமானம் மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே போகும். புதியவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். பெரும்பாலும் குற்றம் ஸ்பிரிங்கினுடையது.

எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவிலும் டி.16000எம்மிலும் கைப்பிடிக்கு அடியில் ஒரே ஒரு பெரிய சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. முன்பின், இடம்வலம் இரண்டுக்கும் அதுவே. அது அடித்தட்டை அழுத்திக் கைப்பிடியை நிமிர்த்தி வைக்கிறது. எந்தத் திசையில் சாய்த்தாலும் முதலில் அந்தத் தட்டின் விளிம்பைக் கிளப்பியாக வேண்டும். அங்கேதான் அந்தச் சிறு தடை தெரிகிறது. நேராகப் பின்னால் இழுத்ததாக நினைப்போம். கூடவே இறக்கையும் லேசாகச் சாய்ந்திருக்கும். கிளாடியேட்டரில் ஒவ்வோர் அச்சுக்கும் தனி ஸ்பிரிங், அது அழுத்தும் தனி வளைவுத் துண்டு (கேம்). ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளலாம்; உராய்வைக் கூட்டிக் குறைக்க கிளட்ச்சும் உண்டு. முன்பின் அசைவைக் கனமாகவும் பக்கவாட்டு அசைவை இலகுவாகவும் வைத்துக்கொண்டால் உண்மையான சிறு விமானத்தின் கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். விலை வித்தியாசத்தில் பாதி இந்த ஒன்றுக்கே தகும்.

சென்சார் விஷயத்துக்கு வருவோம். எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவில் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர். ஒரு கரித்தடத்தின் மேல் சிறு உலோகத் தொடுமுனை உரசியபடி நகரும். உரசுகிற எதுவும் தேயும். தேய்ந்த துகளும் தூசியும் சேர்ந்த இடத்தைத் தொடுமுனை கடக்கும்போது மதிப்பு ஒரு கணம் எங்கோ தாவித் திரும்பும். விமானம் காரணமே இல்லாமல் வெடுக்கென்று உதறுவது அதனால்தான். டி.16000எம்மில் முன்பின், பக்கவாட்டு அச்சுகளுக்கு ஹால் சென்சார். காந்தம் நகர்கிறது, சென்சார் அதன் புலத்தை அளக்கிறது. ஒன்றையொன்று தொடுவதில்லை, தேய்வதற்கு எதுவும் இல்லை. கிளாடியேட்டரின் முக்கிய அச்சுகளிலும் தொடாமல் அளக்கும் காந்தச் சென்சார்கள்தான்.

விளம்பரத்தில் வராத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். டி.16000எம் முன்பின் அசைவை 16,384 படிகளாகப் பிரித்துச் சொல்கிறது. எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ 1,024 படிகளாக. ஆனால் டி.16000எம்மின் ட்விஸ்ட் மட்டும் பழைய பொட்டன்ஷியோமீட்டர்தான், 256 படிதான். எக்ஸ்ட்ரீமின் ட்விஸ்ட்டும் அதே அளவு. ஆகவே இரண்டிலும் முதலில் நடுங்கத் தொடங்குவது ட்விஸ்ட்தான். 1,024 படி என்பது ஒன்றும் குறைவில்லை. புதியவரின் கை அதைவிட நுணுக்கமாக அசையாது. படியின் எண்ணிக்கைக்காகக் காசு கொடுக்காதீர்கள். தேயாத சென்சாருக்காகக் கொடுங்கள்.

கையின் விஷயம். எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவின் கைப்பிடி வலக்கைக்கென்றே வார்க்கப்பட்டது. உள்ளங்கைக்குக் கீழே நல்ல அகலமான தாங்கல் இருப்பதால் நீண்ட நேரம் பிடித்தாலும் வலிக்காது. 12 பட்டன், மேலே கட்டைவிரலால் தள்ளும் எட்டுத் திசை ஹேட் சுவிட்ச். புதியவருக்கு இது தாராளம். டி.16000எம்மின் கைப்பிடியில் மூன்று பாகங்களைக் கழற்றி மாற்றினால் இடக்கைக்கும் ஆகும். இது இடக்கைக்காரர்களுக்கு மட்டுமான வசதி இல்லை. ஏர்பஸ் ஏ320-இல் கேப்டன் இடப்பக்கம் அமர்ந்து இடக்கையால் சைடுஸ்டிக் என்ற பக்கக் கைப்பிடியையும் வலக்கையால் எஞ்சினுக்கான த்ரஸ்ட் லீவரையும் பிடிக்கிறார். அந்த விமானத்தைத்தான் பறக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளிலிருந்தே இடக்கையில் பழகலாம். டி.16000எம்மின் 16 பட்டனில் 12 அடிப்பாகத்தில் இருக்கின்றன. கண் திரையில் இருக்கும்போது அவற்றைத் தடவிக் கண்டுபிடிப்பது சிரமம். லாண்டிங் கியர், விளக்கு போன்ற அவசரமில்லாத வேலைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். கிளாடியேட்டருக்கு இடக்கை, வலக்கை என்று தனித்தனி மாடல். ஆர்டர் கொடுக்கும்போது கவனித்து எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றையும் மறந்துவிடலாம். கணினிக்கான ஜாய்ஸ்டிக்கை அதில் செருகினால் வேலை செய்யாது. எக்ஸ்பாக்ஸ் உரிமம் பெற்றதுதான் வேண்டும். த்ரஸ்ட்மாஸ்டர் டி.ஃப்ளைட் ஹோட்டாஸ் ஒன் அதற்கு ஏற்றது. அது கணினியிலும் ஓடும், தனி த்ராட்டிலும் உண்டு. த்ராட்டிலின் நடுவில் மட்டும் ஒரு பள்ளம் கையில் தட்டும். இறங்கும்போது பாதிக்குப் பக்கத்தில் த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டியவர்களுக்கு அது எரிச்சலைத் தரும்.

எங்கள் தேர்வு இது. சிமுலேட்டர் ஒத்துவருமா என்று இன்னும் தெரியாதவர் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவை எடுக்கலாம். ஏற்கெனவே கேம்பேடில் பத்திருபது மணி நேரம் பறந்து, விடமாட்டேன் என்று தெரிந்துகொண்டவர் டி.16000எம் வாங்க வேண்டும். பெரும்பாலோருக்கு இதுவே சரி. போர் விமானங்களில் கண் வைத்திருப்பவர், டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரில் சண்டையிடும்போது நுணுக்கமாகக் குறிபார்க்க வேண்டியவர், கையில் காசு இருந்தால் நேராகக் கிளாடியேட்டருக்குப் போய்விடலாம். ரடரைக் காலால் இயக்கும் மிதி பெடல்கள் இப்போது வேண்டாம். ட்விஸ்ட்டில் ரடர் பழகிய பிறகு வாங்கினால்தான் எந்த மாதிரி பெடல் தேவை என்பதே தெரியும்.

பொருள் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், சிமுலேட்டரைத் திறக்கும் முன்பே ஒரு சோதனை. யூஎஸ்பியைக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள்; ஹப் வேண்டாம். செருகும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள். டி.16000எம் போன்றவை அந்தக் கணத்தில்தான் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்கின்றன. சாய்த்துப் பிடித்திருந்தால் சாய்ந்த நிலையே நடுவாகிவிடும். விண்டோஸ் தேடலில் 'செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்பதைத் திறந்து, உங்கள் ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸுக்குப் போனால் ஒரு சதுரத்துக்குள் சிறு கூட்டல் குறி தெரியும். முன்னால் தள்ளி மெதுவாக விடுங்கள், அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பின்னால், இடப்பக்கம், வலப்பக்கம் என்று நான்கு திசையிலும் செய்யுங்கள். நான்கு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் நல்லது. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியும் அளவு தள்ளி நின்றால் மாற்றிக் கேளுங்கள். அடுத்து ட்விஸ்ட்டை ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் பத்து விநாடி எடுத்துத் திருப்புங்கள். பக்கத்தில் உள்ள பட்டை வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். தாவினால் பொட்டன்ஷியோமீட்டரில் கோளாறு. பழைய பொருளை வேறொருவரிடமிருந்து வாங்கும்போதும் இதே சோதனைதான். விற்பவரிடம் மடிக்கணினியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். ட்விஸ்ட் தாவுவதை, தொடுமுனையைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சில காலம் அடக்கலாம். கரித்தடம் தேய்ந்திருந்தால் அது திரும்பி வரத்தான் செய்யும்.

மேசையில் வைக்கும் விதமும் பாதி வெற்றி. முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கி, முன்கை எதன் மேலாவது சாய்ந்திருக்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அரை மணியில் வலி வரும், நுணுக்கமும் போய்விடும். பலமாக இழுக்கும்போது அடிப்பாகம் கிளம்பினால் அலமாரியில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பைக் கீழே போடுங்கள், அல்லது வெல்க்ரோ ஒட்டுங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் எலிவேட்டர், எய்லரான் இரண்டின் சென்சிட்டிவிட்டியையும் மைனஸ் 30 சதவீதத்தில் தொடங்குங்கள். கை அசைவுக்கு விமானம் எவ்வளவு பதில் தரும் என்று காட்டும் வளைகோடு நடுவில் தட்டையாகும். நடுப்பக்க அசைவு மென்மையாகும். டெட்சோன், அதாவது நடுவில் அசைத்தாலும் கணக்கில் கொள்ளாத பகுதி, ஹால் சென்சாருக்கு 1 முதல் 2 சதவீதம், பொட்டன்ஷியோமீட்டருக்கு 3 முதல் 5. ட்விஸ்ட்டுக்கு மட்டும் 8 வரை போகலாம்; இல்லாவிட்டால் கைப்பிடியைச் சாய்க்கும்போது மணிக்கட்டு தெரியாமல் முறுக்கி, ரடரும் சேர்ந்து அசையும். த்ராட்டிலை மேலே தள்ளும்போது எஞ்சின் அடங்கினால் அந்த அச்சுக்கு 'ரிவர்ஸ் ஆக்சிஸ்' குறியிடுங்கள். தள்ளுகோல் பாதி தூரம் போகும்வரை எஞ்சின் அசையவே இல்லை என்றால் அது வேறு கோளாறு. பட்டியலில் த்ராட்டில் ஆக்சிஸ் என்ற பெயரில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வரிகள் உண்டு. தவறானதைத் தேர்ந்திருக்கிறீர்கள், மற்றதற்கு மாற்றுங்கள்.

கடைசியாக, கைப்பிடியை இழுத்துப் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் நிறுத்தி வைக்கும் எலிவேட்டர் ட்ரிம்மைக் கட்டைவிரல் எட்டும் இரண்டு பட்டன்களில் வையுங்கள். இதைச் செய்யாமல்தான் பலரும் ஜாய்ஸ்டிக் கை வலிக்கிறது என்கிறார்கள். ஏறும்போது கைப்பிடியை இழுத்து மூக்கைச் சரியான உயரத்தில் பிடியுங்கள். அப்படியே பிடித்தபடி 'மூக்கு மேலே' ட்ரிம்மை ஒவ்வொரு தட்டாகத் தட்டி, அதற்கேற்ப இழுப்பைத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். கையை முழுதும் எடுத்த பிறகும் மூக்கு அங்கேயே நிற்கும் வரை.