இருபது பேரோடு பறவை பார்க்க: தனுஷ்கோடியா, கண்மாயா, காரங்காடா?

பொங்கல் லீவுக்குச் சொந்தக்காரர்கள் ராமநாதபுரம் வந்து இறங்கியதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எங்கே போகலாம்?" கோவிலும் கடலும் பார்த்தாயிற்று. மூன்று வருடமாகப் பறவை பார்க்கப் போகிறோம். ஒரு வேன், இருபது பேர், அதில் பாதி பிள்ளைகள், முழங்கால் வலியோடு ஓர் அத்தை. இந்தக் கூட்டத்தை மனதில் வைத்துத்தான் இடங்களை எடைபோடுகிறேன். பைனாகுலரோடு தனியே போகிறவருக்குக் கணக்கு வேறு.

முதல் வருடம் தனுஷ்கோடி. பூநாரை (ஃபிளமிங்கோ) என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? 2025 ஜூனில் அங்கே பூநாரைச் சரணாலயமே அறிவித்துவிட்டார்கள், ஏறத்தாழ 524 ஹெக்டேர். கோதண்டராமர் கோவில் பக்கத்து ஆழமில்லாத நீரில் அவை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். நாங்கள் அதைப் பார்த்தது இரண்டே நிமிடம். வேன் ஏர்ஹாரன் அடித்து ஓரம் கட்டியது, பிள்ளைகள் குதித்து ஓடினார்கள், பூநாரைக் கூட்டம் மொத்தமும் எழுந்து எதிர்க்கரைக்குப் போய்விட்டது. இறக்கைக்கு அடியில் இருந்த அந்தச் சிவப்பும் கறுப்பும் பறக்கும்போதுதான் தெரியும் என்பது உண்மை. ஆனால் இரை தேடிக்கொண்டிருந்ததை நாங்கள் விரட்டிவிட்டோம் என்பதும் உண்மை. அப்புறம் நிழல் கிடையாது. ராமநாதபுரத்திலிருந்து போகவே 70 கிலோமீட்டருக்கு மேல். நாலு பேர் காரில் போய், கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துகிறவர்களாக இருந்தால், தாராளமாகப் போங்கள்.

அடுத்து கண்மாய்கள். நம் ஊர்க்காரர்களே இவற்றை மதிப்பதில்லை என்பது என் மனக்குறை. முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம். இரண்டும் 1989 முதல் சரணாலயம், 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் சேர்ந்தன. பறவை நிறைய வேண்டும், அதுவும் குஞ்சும் கூடுமாக வேண்டும் என்றால் இவற்றுக்கு ஈடில்லை. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் எல்லாம் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். ஒரு நாரை, வெயில் ஏற ஏற, குஞ்சுகளுக்கு நேராக இறக்கையை விரித்துக் குடைபோல நின்றதைப் பார்த்தேன். முதுகுப்பக்கம் வாலருகே ரோஜா நிற இறகு. குஞ்சுகள் அந்த நிழலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அது அசையவே இல்லை. கரையில் மீன் கவிச்சியும் எச்ச வாடையும் கலந்து அடிக்கும். அந்த எச்சம் கரைந்த தண்ணீர்தான் மடை வழியாக வயலுக்கு உரமாகப் போகிறது.

ஆனால் இங்கேயும் கூட்டம் ஒரு சிக்கல்தான். கரையில் கத்தினால் தாய்ப்பறவை எழும். எழுந்த கூட்டுக்குக் காக்கை வரும், முட்டை போகும். சின்னப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் வாய்மூடி நிற்கவைப்பது நடக்காத காரியம். இன்னொன்று, மழை பொய்த்த வருடம் கண்மாய் வறண்டு, பறவை வராமலே போகும். பெருகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவது, அலையாத்திக் காடு இருக்கும் கடலோரக் கிராமமான காரங்காடு. அங்கே பறவை இவ்வளவு கிடையாது. கொக்கு, மீன்கொத்தி, ஆலா, குளிர்காலத்தில் உள்ளான்கள். இருந்தும் இருபது பேருக்கு நான் சொல்வது இதைத்தான். தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டிப் படகில் உட்கார்ந்துவிட்டால் யாரும் ஓட முடியாது, அத்தையும் நடக்க வேண்டாம். அலையாத்தி மரங்களுக்கு நடுவே வாய்க்காலில் போகும்போது, சேற்றைக் குத்திக்கொண்டு பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் நிற்கும். படகுக்கார அண்ணன் ஓர் இலையைப் பறிக்காமல் வளைத்துக் காட்டி, "தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க பாப்பா" என்றார். உப்பு. உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்த என் அண்ணன் மகள் அன்றைக்குத்தான் நம்பினாள். கடற்புல் இருக்கும் இடம் வந்ததும் ஆவுளியா, அதாவது கடல்பசு, மேய்வது இந்தப் புல்லைத்தான் என்றார். அத்தை, "அப்ப இது அதுகளுக்கு மேய்ச்சக்காடு, தம்பி" என்று சொல்லிவிட்டுக் கரை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கே நாம் கொடுக்கிற பணம் அந்த ஊருக்குள் போகிறது. நண்டு சூப்பும் பொரித்த மீனும் ஊர்ப் பெண்கள் கையால் சாப்பிடலாம். காட்டை வெட்டாமல் வைத்திருப்பதில் ஊருக்கே வருமானம் இருப்பது எனக்குப் பெரிய விஷயம். குறை என்றால், வாடைக்காற்று ஓங்கினால் படகு ஓடாது. முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தப் பொங்கலுக்கு எங்கள் ஏற்பாடு: காலையில் எல்லோரும் காரங்காடு, சாப்பாடு அங்கேயே. சாயங்காலம் பெரியவர்கள் ஐந்து பேர் மட்டும் ராமநாதபுரத்தை ஒட்டியிருக்கும் சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரைக்கு, பறவைகள் அடையும் நேரத்தில். அண்ணன் மகள் தானும் வருவேன் என்கிறாள், பேசாமல் இருப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். கூட்டிப் போகிறேன். வேன்காரரிடமும் கரைப்பக்கம் ஹாரன் வேண்டாம் என்று இப்போதே சொல்லியாயிற்று.