‘இயற்கை ஹார்மோன்’ என்று நம்பிப் பூசிய களிம்பு

மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேலாகியும், இரவில் நான்கைந்து முறை உடலெங்கும் அனல் பரவி, வியர்வையில் நனைந்து எழுந்து உட்கார வேண்டியிருந்ததால், 52-ஆம் வயதில் ஒரு தனியார் ஹார்மோன் சிகிச்சை மையத்தை நாடினேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே எனக்குச் சொல்லப்பட்டதை மட்டும் எழுதுகிறேன். அதே பேச்சை வேறு இடங்களிலும் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நாளே உமிழ்நீரை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, என் உடலுக்கென்றே அளவு பார்த்துக் கலந்ததாகச் சொல்லி, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரு பெண் ஹார்மோன்களுக்கும் ஆளுக்கொரு களிம்பு கொடுத்தார்கள். என் பெரியம்மா மார்பகப் புற்றுநோயால் அவதிப்பட்டவர் என்பதால், அதைப் பற்றித் தயங்காமல் கேட்டேன். “அந்தப் பயமெல்லாம் செயற்கை மாத்திரைக்குத்தான் அம்மா. இது செடியிலிருந்து எடுத்தது, உடல் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும்” என்றார் மருத்துவர். அந்தப் பதிலில் நான் மயங்கிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அனல் அடங்கியது, தூக்கமும் திரும்பியது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் பத்தாவது மாதத்தில் இலேசான இரத்தக்கசிவு தொடங்கியது. தொலைபேசியில் சொன்னபோது, “உடல் பழகிக்கொள்கிறது” என்று கூறி, களிம்பைத் தொடரச் சொன்னார்கள். சிகிச்சையின் முதல் சில மாதங்களில் கசிவு ஏற்படுவது உண்டு; அதற்குப் பிறகு புதிதாகத் தொடங்கினால், அது எவ்வளவு சிறிதானாலும் காரணத்தைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பது மகளிர் மருத்துவத்தின் அரிச்சுவடி என்று பின்னர்தான் அறிந்தேன். நான்கு மாதங்கள் காத்திருந்துவிட்டு வேறொரு மகளிர் மருத்துவரிடம் போனேன். ஸ்கேனில் கருப்பையின் உட்சுவர் 13 மில்லிமீட்டர் தடித்திருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் கண்ட பெண்ணுக்கு அது 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் பெரும்பாலும் அச்சமில்லை என்பார்கள். அங்கிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதித்த பயாப்சியில் மிகைவளர்ச்சி என்று வந்தது. செல்கள் உருமாறியிருக்கவில்லை, ஆனாலும் அப்படியே விட்டிருந்தால் புற்றுநோயை நோக்கிப் போகக்கூடிய நிலைதான் அது.

நடந்தது என்னவென்று அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரை வளர்க்கும். அதைக் கட்டுப்படுத்த உடன் எதுவும் கொடுக்காவிட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்பது 1975-இலேயே அமெரிக்க ஆய்வுகளில் வெளியான செய்தி. அதனால்தான் கருப்பை உள்ள பெண்களுக்குப் போதிய அளவு புரோஜெஸ்டோஜனையும் (புரோஜெஸ்டிரோனோ அதைப்போல் செயல்படும் மருந்தோ) சேர்த்தே கொடுக்கிறார்கள். தோலில் பூசும் புரோஜெஸ்டிரோன் களிம்பு அந்தப் பாதுகாப்பைத் தரும் என்று நம்பமுடியாது. உமிழ்நீரில் காணும் ஹார்மோன் அளவோ வேளைக்கு வேளை மாறுவது; அதை வைத்து மருந்தின் அளவை முடிவு செய்வதற்கில்லை. செடிக் கதையும் பாதி உண்மைதான்: மூலப்பொருள் சோயாவிலிருந்தோ காட்டுக் கிழங்கிலிருந்தோ வரலாம், ஆனால் அது ஹார்மோனாவது ஆய்வுக்கூடத்தில். முறையாக அனுமதி பெற்று மருந்துக்கடையில் கிடைக்கும், தோலில் ஒட்டும் பட்டைகளிலும் பூசும் ஜெல்களிலும் பொதுவாக இருப்பதும் உடலில் சுரக்கும் அதே ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடையால்தான். அவற்றின் அளவு சோதிக்கப்பட்டது, எனக்குக் கலந்து கொடுத்ததற்கு அந்தச் சோதனை கிடையாது.

மார்பகப் புற்றுநோயைப் பற்றிய என் கேள்விக்கும் நேரான பதில் இருந்திருக்கிறது. 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய அமெரிக்க ஆய்வில், இரு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையை எடுத்துக்கொண்ட பெண்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு ஏறத்தாழ 8 பேர் கூடுதலாக அந்நோய்க்கு ஆளானார்கள். கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தவர்களிடம் அந்த ஆய்வு அத்தகைய உயர்வைக் காணவில்லை. 2019-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வோ, 50 வயதில் தொடங்கி 5 ஆண்டுகள் இரண்டையும் நாள்தோறும் எடுத்துக்கொள்பவர்களில், 20 ஆண்டு காலத்தில் 50 பேருக்கு ஒருவருக்கும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுப்பவர்களில் 200 பேருக்கு ஒருவருக்கும் கூடுதலாக நோய் வரும் என்று கணக்கிட்டது. இந்த எண்களைக் கேட்டு நான் ஓடியிருக்கமாட்டேன்; தூக்கமில்லாத இரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, முறையான சிகிச்சையை ஏற்றுக்கொண்டும் இருப்பேன். அப்படி எடைபோட்டுப் பார்க்கும் உரிமையைத்தான் ‘இயற்கை’ என்று சொல்லிப் பறித்துக்கொண்டார்கள்.

கருப்பைக்குள் புரோஜெஸ்டோஜன் சுரக்கும் சாதனம் பொருத்தி, ஆறு மாதம் கழித்துச் செய்த பயாப்சி இயல்பாக வந்திருக்கிறது; இன்னும் கண்காணிப்பில்தான் இருக்கிறேன். இதற்கிடையில் முதல் மையத்திடம் என் கோப்பின் நகலை எழுத்து மூலம் கேட்டுப் பெற்றேன். இரத்தக்கசிவைப் பற்றி நான் தொலைபேசியில் சொன்னதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. முதல் பக்கத்தில் ‘கருப்பை: உள்ளது / அகற்றப்பட்டது’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் எதையும் சுழிக்காமல் வெறுமையாகவே விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத்தான் என் புகாரோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன்.