இங்கிலீஷ் அட்ஜெக்டிவுக்கு ஸ்பானிஷ்ல சரியான வார்த்தை எது: நான் வருஷக்கணக்கா யூஸ் பண்ற டிக்‌ஷனரிங்க

ஸ்பானிஷ் டிரான்ஸ்லேஷன்ல என்னைப் படுத்துறது வினைச்சொல்லு இல்ல, அட்ஜெக்டிவ் தான். அதுக்கு நான் முதல்ல திறக்கறது வேர்ட்ரெஃபரன்ஸ், 1999ல ஆரம்பிச்ச சைட்டு, இத்தனை வருஷம் ஆகியும் அதை மாத்தணும்னு எனக்குத் தோணல. ஏன்னா 'ரஃப்'னு தேடினா ஒரே பதிலை நீட்டாம, எந்த ரஃப்னு பிரிச்சு, பக்கத்துல குட்டியா அர்த்தக் குறிப்பும் கீழ உதாரண வாக்கியமும் குடுக்கும். தோல் சொரசொரப்புன்னா ஆஸ்பெரோ, மேடுபள்ளமான பரப்புன்னா ருகோசோ, கடல் கொந்தளிப்புன்னா அஹிதாதோ இல்ல பிக்காதோ, குத்துமதிப்பான கணக்குன்னா அப்ரோக்சிமாதோ. ரஃப் டிராஃப்டுக்கு அட்ஜெக்டிவே வேணாம், பொர்ரதோர்னு ஒரு பெயர்ச்சொல்லு போதும்!

இதனால தான் சொல்றேன், அட்ஜெக்டிவ தனியா தேடாதீங்க, அது ஒட்டிக்கிட்டு இருக்கற பெயர்ச்சொல்லோட சேர்த்துத் தேடுங்க. அதுக்கு லிங்குயீங்கற சைட்டு அருமை, 2009ல இருந்து இருக்கு, ஏற்கெனவே மனுஷங்க மொழிபெயர்த்த வாக்கியங்கள ரெண்டு மொழியிலயும் பக்கத்துல பக்கத்துல காட்டும். நிறைய ஐரோப்பிய யூனியன் ஆவணங்கள்ல இருந்து வர்றதால நடை கொஞ்சம் ஆபீஸ் வாடை அடிக்கும், கதை வசனத்துக்கு அதை நம்பி எடுக்க மாட்டேன், ஒப்பந்தம், ரிப்போர்ட் மாதிரி வேலைக்கு தங்கம்.

எடுத்த வார்த்தைய கடைசியா ஸ்பானிஷ்-ஸ்பானிஷ் டிக்‌ஷனரில ஒரு தடவை பார்த்துடுவேன். 1713ல தொடங்கின, ஸ்பெயினோட மொழிக் கழகமான ரியல் அகாடெமியா எஸ்பன்யோலாவோட அகராதி ஆன்லைன்ல இலவசம். இந்தப் பழக்கம் ரொம்ப முக்கியம்ங்க, ஏன்னா 'சென்சிபிள்' மாதிரி வேஷம் போடற வார்த்தைங்க இங்க தான் மாட்டும், ஸ்பானிஷ்ல சென்சிப்ளேன்னா சட்டுனு மனசு இளகுறவங்க, விவேகமானவங்கள சென்சாதோன்னு தான் சொல்லணும்.

டிக்‌ஷனரி தனியா காப்பாத்தாத இடமும் ரெண்டு இருக்கு. ஒண்ணு, வார்த்தை நிக்கற இடம். போப்ரே ஓம்ப்ரேன்னா பாவப்பட்ட மனுஷன், ஓம்ப்ரே போப்ரேன்னா காசில்லாதவன், வார்த்தை ஒண்ணு தான் ஆனா முன்ன வருதா பின்ன வருதாங்கறதுல ஆளே மாறிடறான். இன்னொண்ணு செர், எஸ்தார், இங்கிலீஷ் 'பீ'க்கு (இஸ், ஆர்) ஸ்பானிஷ்ல இருக்கற ரெண்டு வினைச்சொல்லுங்க. லிஸ்தோவ செர்ரோட போட்டா புத்திசாலி, எஸ்தாரோட போட்டா ரெடியா இருக்கறவன். இது ரெண்டுக்கும் முழு வாக்கியமா நிறைய படிக்கறத தவிர வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அப்புறம் நாடு. 'ஃபன்னி'க்கு மெக்சிகோல ச்சிஸ்தோசோ சர்வசாதாரணம், ஸ்பெயின்ல கிராசியோசோ தான் இயல்பா விழும். சந்தேகம் வந்தா அதே அகாடெமியாவோட கோர்ப்பெஸ் தொகுப்புல நாட்டு வாரியா தேடிப் பாருங்க, 2001ல இருந்து வந்த எழுத்துங்க தான் அதுல இருக்கு, அதனால தாத்தா காலத்து ஸ்பானிஷ் வந்து குழப்பாது. பார்க்க கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், பழகிட்டா விட மாட்டீங்க.