லாஸ் வேகஸில் வீடு: ஸ்ட்ரிப் பக்கத்துக் காண்டோவா, ஹெண்டர்சன் தனி வீடா?

லாஸ் வேகஸில் வேலை கிடைத்து, வீடு வாங்கலாம் என்று கிளம்பினால் பேச்சு சீக்கிரமே இந்த இரண்டில் வந்து நிற்கும்: கேசினோக்கள், அதாவது சூதாட்ட விடுதிகள், வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் காண்டோ (சொந்தமாக வாங்கும் ஃப்ளாட்), அல்லது ஹெண்டர்சன், சம்மர்லின் போன்ற புறநகர்ப் பக்கம் தனி வீடு. நாங்கள் ஹெண்டர்சனில் வாங்கினோம். ஆகவே இது நடுநிலைத் தீர்ப்பு அல்ல.

காண்டோவில் இரவு வெளிச்சம், நீச்சல்குளம், வாசலில் காரை வாங்கி நிறுத்த ஆள். தனி வீட்டில் இடம், பள்ளிக்கூடம், கூடவே ஜூலை வெயிலில் ஏசி எப்போது நிற்குமோ என்ற கவலை. நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது என்பது இரண்டுக்கும் பொது. சூதாட்ட வரியும் சுற்றுலாக்காரர்கள் கட்டும் வரியும் அந்தச் சலுகையைத் தாங்குகின்றன.

சரி, நாளைக்கு விற்கப் போனால் யார் வாங்குவார்கள்? என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

ஸ்ட்ரிப் பக்கத்துக் காண்டோக்களை வாங்குவோரில் பலர் அங்கே குடியிருப்பவர்கள் அல்ல. வாரக்கடைசிக்கு வருபவர்கள், முதலீட்டாளர்கள். கேசினோவில் கூட்டம் குறைந்து கை கடித்தால் அவர்கள் முதலில் தள்ளிவிடுவது இந்த இரண்டாவது வீட்டைத்தான். அப்புறம் கடன். வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடன்களை அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனம், ஹோட்டல் போலவே நடத்தப்படும் காண்டோக்களின் கடனை வாங்குவதில்லை. அதனால் வங்கி கூடுதல் டவுன் பேமென்ட் கேட்கும், வட்டியும் ஏறும். பல சமயம் முழுப் பணம் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும். குடியிருப்போர் சங்கத்துக்கு மாதாமாதம் கட்டும் ஹெச்ஓஏ கட்டணமும் வாங்க வருபவரைத் தயங்க வைக்கும். வெறும் குடியிருப்பாக உள்ள கட்டடங்களில் இந்தக் கடன் சிக்கல் குறைவு, உண்மைதான்.

ஹெண்டர்சனில் வாங்க வருபவர் கேசினோவில் சீட்டுப் போடும் டீலர், நர்ஸ், ஆசிரியர், குடியிருக்கத்தான் வாங்குகிறார். அதற்காகப் புறநகர் பத்திரம் என்று சொல்ல மாட்டேன். 2006 உச்சத்திலிருந்து 2012 வரை இந்த ஊரில் வீட்டு விலை 60 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது; புறநகரும் தப்பவில்லை. ஆனால் 2020 வேறு மாதிரி. மார்ச்சில் மூடிய கேசினோக்கள் ஜூன் 4 அன்றுதான் திறந்தன. ஏப்ரலில் வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது. அப்படியும் வீட்டு விலை சரியவில்லை. வட்டி இறங்கியது, கலிஃபோர்னியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் தேடியது கொல்லைப்புறம் உள்ள வீடு.

கேசினோ பக்கத்தில் இருந்தால் விலை போகாதே என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். ஹெண்டர்சனில் 2001 முதல் கிரீன் வேலி ராஞ்ச் என்ற கேசினோ இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடவும் படம் பார்க்கவும் போகும் இடம் அது. அக்கம்பக்கத்தில் எனக்குத் தெரிந்த குறை வெள்ளிக்கிழமை மாலைப் போக்குவரத்து மட்டும்.

நாங்கள் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. காண்டோவை வாடகைக்கு விட்ட அனுபவமும் இல்லை. தனியாள், ஸ்ட்ரிப்பிலேயே வேலை என்றால் காண்டோவில் வாடகைக்கு இருக்கலாம். வாங்கியே தீருவது என்றால், அறையைப் பார்க்கும் முன் அந்தக் கட்டடத்துக்குச் சாதாரண வீட்டுக் கடன் கிடைக்குமா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள்.